அசையாதவர் எல்லாம் இல்லாதவரா?

“சார், நான் இருக்கேனா, இல்லையா?”

என் வீட்டு வாசலில் நின்று ஒரு பெண் என்னைக் கேட்ட கேள்வி இது. தோளில் பை தொங்கியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணில் நீர் இல்லை, நெருப்பு இருந்தது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இன்று இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். அதற்கு முன்...

மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நம் தலைவலிக்கும் தலைக்கனத்துக்கும் ஒரே புன்னகையோடு மருந்து எடுத்துத் தரும், இந்த அவையின் தலைவர் அவர்களே! முழங்கால் வலியை வீட்டிலேயே விட்டுவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! பாட்டிலோடு வரும் காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்த பிறகே பிள்ளைக்கு மருந்து புகட்டும் தாய்மார்களே! எழுத்தைக் காக்கக் கண்ணைத் தேய்க்கும் வாசிப்புக் கூடத்துத் தோழர்களே, தோழியரே! நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் அறிவியல் வாத்தியார். தலை கறுத்திருந்த நாள் முதல் வெளுத்த நாள் வரை வகுப்பில் நின்றவன். மணி அடித்தால் நிறுத்திவிடும் பழக்கம் எனக்கு உண்டு. தலைவர் மணி கொண்டுவரவில்லை என்று தெரிகிறது. அது உங்கள் தலைவிதி!

நான் சாதாரணமாகக் கோபப்படுகிறவன் அல்ல. இதோ இரண்டாவது வரிசையில் என் பழைய மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். என்ன தம்பி, சிரிக்கிறாய்? சரி, எப்போதாவது கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் இன்று நான் கொண்டுவந்திருக்கும் கோபம் வேறு. அது வகுப்பறைக் கோபம் அல்ல. வயிற்றுக்குள்ளிருந்து வரும் கோபம்.

என் வாசலில் நின்ற அந்தப் பெண்ணை உங்களில் பலருக்குத் தெரியும். மருந்துத் தாள்கள் அச்சிடும் நிறுவனத்தின் வாசிப்புக் கூடத்தில் வேலை பார்ப்பவர். அங்கே அவருக்குக் கமா அக்கா என்று பெயர். ஏன் அந்தப் பெயர்? அவர் வேலை அப்படி.

ஒரு மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் இருக்கிறதே, அதை அச்சடிப்பதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பார்கள். ஒருவர் மூலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுக்குப் போகவிருக்கும் பக்கத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்பார். வாசிப்பவர் சொல்லை மட்டும் வாசிப்பதில்லை. “உணவுக்குப் பின் கமா காலை கமா இரவு கமா அரைக் கரண்டி புள்ளி” என்று நிறுத்தக்குறியையும் வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் கேட்பவர் “உம்” என்று சொல்ல வேண்டும். அந்த உம் வந்தால்தான் அடுத்த வாக்கியம். உம் வரவில்லையென்றால் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று பொருள். இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள்.

கமா அக்கா வீட்டில்கூட, “டேய் கமா சாப்பிட வாடா கமா ஆறிப்போகுது ஆச்சரியக்குறி” என்றுதான் மகனைக் கூப்பிடுவார் என்று கூடத்தில் கேலி செய்வார்கள். அவரோடு உட்கார்ந்து கேட்பவர் என் பழைய மாணவி. நாள் முழுக்க உம் கொட்டுவதால் அவர் பெயர் உம்மு. உம்மு அதிகம் பேச மாட்டார். வகுப்பிலும் அப்படித்தான். ஆனால் பலகையில் நான் ஒரு பிழை விட்டால் முதலில் உயர்வது அவர் கை.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்பவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். ஏன்? கை மவுஸில் இருந்தால் பக்கம் நழுவும். பக்கம் நழுவினால் வரி நழுவும். வரி நழுவினால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு அளவு தவறும். அதனால் பக்கம் முடிந்தால்தான் கை மேசைக்கு வரும். கமா அக்காவோ இன்னும் ஒரு படி மேலே. நாற்காலியின் மேல் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பார். அப்போதுதான் மூச்சு நீளமாக வருமாம்.

அம்மையார்களே, ஐயாமார்களே! இந்த இரண்டு பெண்களும் அசையாமல் இருக்கும்போதுதான் முழுமையாக வேலை செய்கிறார்கள். இதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த முடிச்சில்தான் தொங்குகிறது.

இப்போது வாசலுக்கு வருவோம்.

“உள்ள வாம்மா. முதல்ல தண்ணி குடி. நீ இல்லாம வேற யாரு என் வாசல்ல நின்னு கத்துறா?” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியுது சார். என் மேசைக்குத் தெரியலையே!”

“மேசைக்கா?”

“ஆமா சார். எல்லா மேசைக்கும் அடியில ஒரு பெட்டி ஒட்டியிருக்காங்க. சோப்புக்கட்டி மாதிரிதான் இருக்கு. ஆள் இருந்தா மேசை மேல பச்சை லைட்டு, இல்லன்னா சிவப்பு. கம்ப்யூட்டர் இருக்கிற மேசையில மவுஸ் ஆடுனாலும் பச்சைதான். எனக்கு எப்பப் பாத்தாலும் சிவப்பு! நாள் பூரா தொண்டை வறள வாசிக்கிறேன். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, ‘ஏம்மா, இன்னிக்கும் நீ சீட்லயே இல்லையாமே’ங்கிறார். ‘சார், காலைலேருந்து என் குரல் உங்க காதுல விழுந்துதா இல்லையா?’ன்னு கேட்டேன். ‘விழுந்துதும்மா, ஆனா சிஸ்டத்துல நீ இல்லையே’ங்கிறார்!”

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அடுத்ததாக அவர் சொன்னதைக் கேளுங்கள்.

“இன்னும் ஒரு வாரம் இப்படியே சிவப்பு எரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாம். அதான் கேக்கிறேன். நான் இருக்கேனா, இல்லையா? நான் இருக்கிறது அந்தப் பெட்டிக்கு எப்படி சார் தெரியும்?”

வாத்தியாரிடம் யாராவது ‘எப்படி’ என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையையே சோதனைக் கூடமாக்கிவிட்டேன். அன்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சொல்லட்டுமா?

உம்! பார்த்தீர்களா, நீங்களும் உம் கொட்டிவிட்டீர்கள். நன்றி.

உங்கள் கையில் இருக்கும் கைபேசியை எடுங்கள். விரலால் தொடுகிறீர்கள், அது திறக்கிறது. உங்கள் அன்பான விரல் என்று அதற்குத் தெரிந்தா திறக்கிறது? கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி வலை. அதில் துளித் துளியாக மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். நம் உடம்பு உப்பும் நீரும் கலந்தது, மின்சாரத்தை ஏற்கும். விரல் பக்கத்தில் வந்ததும் அந்தத் தேக்கம் கொஞ்சம் மாறிப்போகிறது. எந்த இடத்தில் மாறியது என்று கருவி பார்க்கிறது. அவ்வளவுதான்! தடித்த கையுறையோடு தொட்டுப் பாருங்கள். நீங்கள் தொட்டது அதற்குத் தெரியாது. ஒரு துண்டு வெள்ளரிக்காயைக் கையில் பிடித்துத் தொடுங்கள். ‘வாருங்கள்’ என்று திறக்கும்! மனிதரை மறுத்து, வெள்ளரிக்காயை வரவேற்கும் வாசல் அது!

கைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அது எப்படி? உள்ளே மணலைவிடச் சிறிய ஓர் எடை. அதைப் பிடித்திருக்கும் மெல்லிய வில். பேருந்து சட்டென்று கிளம்பினால் நிற்கிறவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? அதே சாய்வுதான். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, ‘அசைகிறோம், திரும்புகிறோம்’ என்று கருவி முடிவு செய்கிறது.

மவுஸுக்கு வயிற்றில் ஒரு சின்னக் கண். மேசையின் பரப்பை ஓயாமல் படம் பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறது. படம் மாறினால் ‘நகர்ந்தேன்’ என்கிறது. மாறவில்லையென்றால் மௌனம்.

சரி, அந்தச் சோப்புக்கட்டி? அது வெப்பத்தைப் பார்க்கும் கண். உள்ளே இரண்டு கண்கள் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டும் ஒரே அளவு வெப்பத்தைக் கண்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சும்மா இருந்துவிடும். சூடான உடம்பு ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குக் கடந்து போனால் மட்டும் ‘ஆள்! ஆள்!’ என்று துள்ளும்.

“அப்படின்னா அது என்னைப் பாக்கவே இல்லையா சார்?” என்று கேட்டார் அக்கா.

“இல்லம்மா. நீ மாறினாத்தான் அதுக்குத் தெரியும். நீ இருந்தாத் தெரியாது. அதுவும் நீ காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுட்டே. மேசைக்கு அடியில அதுக்குப் பாக்க என்ன இருக்கு, உன் செருப்பா?”

“செருப்பு ஆடுனா நான் வேலை செய்யறேன், நாக்கு ஆடுனா வேலை செய்யலையா?” என்றார் அக்கா.

கைதட்டுகிறீர்களே, இது என் வசனம் இல்லை. அவருடையது. அவருக்கே தட்டுங்கள், மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்.

பெரியோர்களே! எனக்கு அந்தப் பெட்டியின் மேல் கோபமே இல்லை. அது நேர்மையான பெட்டி. ‘அசைவு தெரியவில்லை’ என்று மட்டும்தான் அது சொல்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்; தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அது பேசவில்லை. அந்த ‘அசைவு இல்லை’ என்பதை எடுத்து, ‘ஆள் இல்லை’ என்று எழுதியது யார்? ‘ஆள் இல்லை’ என்பதை எடுத்து, ‘வேலை இல்லை’ என்று திருப்பியது யார்? ‘வேலை இல்லை’ என்பதை எடுத்து, ‘நாளை முதல் வராதே’ என்று நீட்டியது யார்? பெட்டியா? பெட்டிக்குக் கை உண்டா? வாய் உண்டா? பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசும் மனிதர்கள் உண்டு! என் கோபம் அவர்கள் மேல்!

இதோடு நின்றதா என்றால் இல்லை.

அதே நிறுவனத்தில், மாடியில் ஒரு தம்பி இருக்கிறார். மவுஸை ஆட்டாவிட்டால் சிவப்பு எரிகிறது என்று தெரிந்ததும், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அதன் மேல் மவுஸைத் தூக்கி வைத்தார். நொடி முள் ஓடுகிறது; மவுஸின் கண் ‘ஆகா, நகர்கிறோம்’ என்று நினைத்துக்கொள்கிறது. தம்பி தேநீர் குடிக்கப் போய்விட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்கு அடியில் சூடான காற்று ஊதும் ஒரு சின்னச் சூடாக்கியை வைத்து, அதன் முன் ஒரு துணியை ஆடவிட்டார். மாதக் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? இருக்கையை விட்டு எழாத ஊழியர் என்று அவருக்குப் பாராட்டு!

மேடையில் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். பாராட்டியிருக்க வேண்டியது கடிகாரத்தை அல்லவா? துணிக்கு அல்லவா மாலை போட்டிருக்க வேண்டும்? போனவர் இருக்கிறார், இருப்பவர் இல்லை! ஆடிய துணிக்குப் பரிசு. ஆடாத மனிதருக்கு அபராதம்!

இப்போது நான் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு இரண்டு பெண்களும் பயந்துவிட்டார்கள். பயப்படாமல் இருக்க முடியுமா? உம்முவின் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். அக்காவுக்கு இந்த வேலையைத் தவிர வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் எங்கே போய்ப் புதிதாகக் கற்பது? அதனால் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். அக்கா காலைத் தொங்கவிட்டு, ஆட்டிக்கொண்டே வாசித்தார். உம்மு வலது கையை மடியிலிருந்து எடுத்து மவுஸில் வைத்து, இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே கேட்டார்.

அன்று இரண்டு மேசையிலும் பச்சை. காலை முதல் மாலை வரை பச்சை. சூப்பர்வைசர் வந்து, “பாத்தியாம்மா, மனசு வெச்சா முடியுது இல்ல?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவர்கள் வாசித்தது குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் தாள்.

சாயங்காலம். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் பேருந்து வந்து நின்றுவிட்டது. படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். பின்னால் வந்த உம்முவைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டி, மத்தியானம் ஒரு உம் சீக்கிரமா வந்துச்சுல்ல?”

“எது?”

“மூச்சுத்திணறல் வரி. நான் புள்ளி சொல்றதுக்கு முன்னாடியே நீ உம்முன்னே.”

உம்முவின் முகம் வெளுத்துவிட்டதாம். “அக்கா... அந்த வரிய நான் பாத்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்லக்கா.”

“அப்ப எதுக்குடி உம்முன்னே?”

“கை ஆடுச்சு... வாயும் கூடவே ஆடிடுச்சுக்கா.”

பேருந்தை விட்டுவிட்டார்கள். ஓடினார்கள். பக்கத்தைப் பதித்த தகடு அச்சு இயந்திரத்துக்குப் போய்விட்டிருந்தது. அச்சு ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை. திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். ‘மூச்சுத்திணறல் உள்ள குழந்தைக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது’ என்ற வரி தாளில் இல்லை. பக்கம் கோர்க்கும்போது எங்கோ விழுந்துவிட்டது. அதைப் பிடிக்கத்தான் அந்த இருவர் இருக்கிறார்கள். ஆட்டிய கையில் பக்கம் நழுவியது. நழுவிய பக்கத்தோடு வரியும் போனது. போன வரிக்கு ஓர் உம்மும் விழுந்துவிட்டது!

தாய்மார்களே, ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தத் தாள் அச்சாகிப் பெட்டிக்குள் போயிருந்தால்? நம் தலைவர் அதைத் தெரியாமல் எடுத்து உங்கள் கையில் கொடுத்திருந்தால்? நீங்களும் வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருப்பீர்கள். இல்லாத வரியை எப்படிப் படிப்பீர்கள்? சொல்லுங்கள், எப்படிப் படிப்பீர்கள்?

அச்சை நிறுத்தச் சொன்னது அவர்கள்தான். பிழையைக் கண்டதும் அவர்கள்தான். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பச்சை விளக்கே சாட்சி சொல்லியிருக்கும். ஓடிவந்து சொன்னார்கள் பாருங்கள், அதற்குக் கிடைத்த பரிசு என்ன? விசாரணை! குற்றம் ஒன்று: இத்தனை நாளாக இருக்கையில் இல்லை. குற்றம் இரண்டு: இருக்கையில் இருந்த ஒரே நாளில் பிழை விட்டார்கள்!

கேட்டீர்களா இந்தக் கொடுமையை? இவர்கள் ‘இல்லாத’ நாளெல்லாம் உங்கள் பிள்ளைகள் பத்திரம். இவர்கள் முழுசாக ‘இருந்த’ நாளில்தான் ஆபத்து! அப்படியென்றால் எது இருப்பு? எது இல்லாமை?

விசாரணைக்குத் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி. அக்கா என்னை அழைத்தார். “சார், நீங்க ஒண்ணும் பேச வேணாம். வாத்தியார்னா ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க. சும்மா உக்காந்தாப் போதும்” என்று நிபந்தனை வேறு!

ஜன்னல் இல்லாத அறை. நீள மேசை. ஒரு பக்கம் மேலாளர், சூப்பர்வைசர், அந்தப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்த அதிகாரி. இந்தப் பக்கம் நாங்கள் மூவர். அதிகாரி சுவரில் படங்களைக் காட்டிக்கொண்டே போனார். சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம், மறுபடி சிவப்புக் கட்டம். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றார்.

“சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? எங்க வேலை எப்படின்னு நீங்க ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?”

“இல்லை.”

“ஒரே ஒரு பக்கம் வாசிக்கிறோம். பாத்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லுங்க.”

மேலாளர் தலையாட்டினார். உம்மு மேசையிலிருந்த கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு கையும் மடிக்குப் போயின. அக்கா செருப்பைக் கழற்றி, காலை மடித்து, நாற்காலியில் சம்மணம் போட்டார். அதிகாரி முகத்தைச் சுளித்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை. எடுத்தார் தாளை. அதே இருமல் மருந்து.

வாசிக்கத் தொடங்கினார். நான் எத்தனையோ குரல்களைக் கேட்டிருக்கிறேன், ஐயா. அது வேறு குரல். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, குறிக்குக் குறி அழுத்தி, அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை. “குலுக்கிய பின் கமா கரண்டியில் அளந்து கமா கொடுக்கவும் புள்ளி.” “உம்.” “மிச்ச மருந்தைத் திறந்து வைக்கக் கூடாது புள்ளி.” “உம்.” முதலில் சூப்பர்வைசர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. அதிகாரி காலாட்டிக்கொண்டிருந்தார். கால் நின்றது. மேலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, கன்னத்தில் கைவைத்து, அப்படியே உறைந்துவிட்டார். நானும்தான். அறையில் ஓர் இமைகூட அசைந்ததாகத் தெரியவில்லை.

“மூச்சுத்திணறல் உள்ள குழந்தைக்கு...”

பட்டென்று விளக்கு அணைந்தது!

நான் ஏற்பாடு செய்ததல்ல. சத்தியமாக இல்லை. அந்த அறைக் கூரையில் ஒரு வெப்பக் கண் இருந்திருக்கிறது. ஆள் இல்லாவிட்டால் விளக்கை அணைப்பது அதன் வேலை. அத்தனை பேரும் அசையாமல் கேட்டோம் அல்லவா? ‘இங்கே யாரும் இல்லை’ என்று அது முடிவு கட்டிவிட்டது!

கும்மிருட்டு. உம்முவின் திரை மட்டும் ஒளிர்ந்தது. அப்போது அந்த இருட்டுக்குள்ளிருந்து உம்முவின் குரல் மட்டும் கேட்டது.

“குழந்தைக்கு... அப்புறம்?”

கேட்டீர்களா? விளக்கு போனது, கவனம் போகவில்லை. திரையின் வெளிச்சம் ஒன்றே போதும் என்று, தன் வரியில் விரல் வைக்காமல் விழி வைத்துக் காத்திருந்தார் அந்தப் பெண். கூரையின் கண்ணுக்கு அந்த அறை காலி. என் கண்ணுக்கு அதைவிட நிரம்பிய அறையை நான் பார்த்ததே இல்லை.

மேலாளர் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசினார். ஈ ஓட்டுவதுபோல வீசினார்! விளக்கு எரிந்தது. அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“சார், இப்ப லைட்டு போச்சே, நீங்க எல்லாரும் எங்க சார் போயிட்டு வந்தீங்க?”

அதிகாரிதான் பேசினார்: “அது லைட்டும்மா. இது வேற.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “சார், இப்ப நீங்க பேசலாம்.”

நான் ஒரே வாக்கியம்தான் பேசினேன். நம்புங்கள், ஒன்றே ஒன்று. “ஐயா, கூரையில இருக்கிறதும் மேசைக்கு அடியில இருக்கிறதும் ஒரே கண்ணுதான், அது இப்ப உங்களைப் பத்தி என்ன சொல்லுச்சோ, அதைத்தான் இத்தனை நாளா இவங்களைப் பத்தியும் சொல்லிச்சு.”

இதற்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? பெட்டிகளைக் கழற்றியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “உங்க ரெண்டு பேரையும் இப்போ வேலையை விட்டு அனுப்பலை. ஆனா பெட்டி இருக்கும். மேலிடத்து முடிவு. கை மவுஸ்லயே இருக்கட்டும். இனிமே ஒரு நாள் சிவப்பு எரிஞ்சாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

ஒன்றும் பண்ண முடியாதாம்! தன் கண்ணால் இருட்டைப் பார்த்தவர் சொல்கிறார். தன் கையை வீசித் தன் இருப்பை ஒரு கூரையிடம் நிரூபித்தவர் சொல்கிறார். கேவலம், விளக்கு வேண்டுமென்றால் அவர் கையை வீசலாம். நம் பிள்ளைகளின் உயிர் வேண்டுமென்றால் இவர்கள் கையை மடியில் வைக்கக் கூடாதா?

கையை ஆட்டினால் வேலை நிலைக்கும், வரி தவறும். கையைக் கட்டினால் வரி நிலைக்கும், வேலை போகும். இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று ஒரு தொழிலாளியிடம் நீட்டுவதற்கு எவருக்கு உரிமை இருக்கிறது?

அவையோரே! வாசிப்புக் கூடத்தார் நேற்றுக் கூடிப் பேசினார்கள். கமா அக்கா, “நான் மட்டும் பாத்துக்கிறேன், நீங்க யாரும் மாட்டிக்காதீங்க” என்றார். அப்போது எழுந்தது யார் தெரியுமா? அதிகம் பேசாத உம்மு.

“அக்கா, நீங்க வாசிச்சா நான்தானே உம் சொல்லணும்? நீங்க மட்டும் எப்படிப் பாத்துப்பீங்க?” என்றார்.

அவ்வளவுதான். ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஓர் உம் எழுந்தது. இணை இணையாக, வரிசை வரிசையாக, கூடம் முழுக்க!

நாளைக் காலை அந்தக் கூடத்தில் எல்லோரும் வழக்கம்போல உட்காருவார்கள். கேட்பவர்களின் கை மடியில் இருக்கும். வாசிப்பவர்களின் கால் நாற்காலி மேல் இருக்கும். மவுஸ்கள் தூங்கும். மேசைக்கு மேசை சிவப்பு எரியும். எரியட்டும்! ‘இந்தக் கூடத்தில் ஒருவருமே இல்லை’ என்று பெட்டிகள் அறிவிக்கும். அறிவிக்கட்டும்! ஒருவருமே இல்லாத அந்தக் கூடத்திலிருந்து, ஒரு வரிகூட நழுவாத தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்போது மேலிடம் பதில் சொல்லட்டும்: இல்லாதவர்கள் வாசித்த தாள் இது என்றால், இதை வாசித்தது யார்?

நம் தலைவர் அவர்கள் நாளைக் காலை கடையைச் சற்றுத் தாமதமாகத் திறக்கப்போகிறார். மேலாளரை நேரில் பார்த்து, “என் கடையில நான் விக்கிற மருந்தோட தாளைக் கையக் கட்டிக்கிட்டுத்தான் வாசிக்கணும்” என்று சொல்லிவிட்டு வருவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். தாய்மார்கள் சிலரும் உடன் போகிறார்கள். மற்றவர்களும் வரலாம், வாசலில் இடம் நிறைய இருக்கிறது.

“சார், நான் இருக்கேனா, இல்லையா?” என்று கேட்டாயே அம்மா. வாசலில் வைத்து உனக்கு நான் விடை சொல்லவில்லை, பாடம்தான் சொன்னேன். இப்போது இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். நீ இருக்கிறாய். பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தபடி, அரை நாளுக்கு முன் வந்த ஓர் உம்மை நினைத்துத் திரும்பினாயே, அப்போது நீ இருந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் இருந்ததில்லை.

இடையில் எழுந்து போகாமல் என் கோபத்தைத் தாங்கிக்கொண்ட உங்களுக்கும், மணியை மறந்து வந்த தலைவருக்கும், என் பேச்சு முழுவதும் கரகரவென்று கூடவே பேசிய ஒலிபெருக்கிக்கும் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.

போவதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். வாத்தியாரை மேடை ஏற்றினால் இதுவும் சேர்ந்துதான் வரும். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் ஒரு மருந்துத் தாளை எடுத்து வீட்டில் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம் சொல்லிக் கேளுங்கள். நடுவில் கைபேசியின் திரை அணைந்தால் தொடாதீர்கள்.